புது பிசி காரணமில்லாமல் அணைகிறதா? பார்ட் மாற்றும் முன் இதைப் பாருங்கள்

[திரையில்: கேம் ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டென்று திரை கறுப்பாகிறது. சில நொடிகளில் மதர்போர்டு லோகோ தெரிகிறது.]

வணக்கம். புதிதாக அசெம்பிள் செய்த பிசி. எல்லாமே புது பார்ட். விண்டோஸ் போட்டாயிற்று, டிரைவர் போட்டாயிற்று, முதல் நாள் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் கேம் விளையாடும்போது பட்டென்று அணைந்து, தானாகவே மறுபடி ஆன் ஆகிறது. இன்னொரு நாள் சும்மா பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ப்ளூ ஸ்கிரீன், அதாவது விண்டோஸ் விழுந்ததைச் சொல்லும் நீலத் திரை. நடுவில் சில நாள் ஒன்றுமே நடக்காது. சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது ஹேங்.

இந்தக் கட்டத்தில் கடைக்குப் போன் போட்டு, "எஸ்எம்பிஎஸ் மாற்றிப் பார்க்கலாமாண்ணே?" என்று கேட்பவர்கள்தான் அதிகம் (எஸ்எம்பிஎஸ் என்றால் பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி). கடைக்காரரும் "மாத்திப் பாருங்க தம்பி" என்பார். அது சரியாகாவிட்டால் ரேம், அடுத்தது போர்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இரண்டு தடவை போய்வந்த செலவில் ஒரு நல்ல எஸ்எஸ்டியே வாங்கியிருக்கலாம். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. எப்படி அணைந்தது என்பதைப் பெரும்பாலும் பிசியே எழுதி வைத்திருக்கும். முதலில் அதைப் படிப்போம்.

[திரையில்: ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பெட்டி]

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரியைத் திறந்து, ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். நிறையப் பேர் "ப்ளூ ஸ்கிரீன் வரவே இல்லை, நேராக ரீஸ்டார்ட் ஆகிறது" என்கிறார்கள். வந்திருக்கும், கண்ணில் படுவதற்குள் விண்டோஸ் ரீஸ்டார்ட் செய்துவிட்டிருக்கும். டிக்கை எடுத்த பிறகும் ப்ளூ ஸ்கிரீனே இல்லாமல் கறுப்பாகி அணைந்தால், மின்சாரம் வரும் வழியில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகத்தைத் தொடங்கலாம். ப்ளூ ஸ்கிரீன் நின்றால், விண்டோஸுக்குத் தவறு தெரிந்திருக்கிறது, குறித்தும் வைத்திருக்கும். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் அப்படியே இருந்தால் கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

[திரையில்: ஈவென்ட் வியூவர், சிஸ்டம் பதிவுகள்]

இப்போது ஈவென்ட் வியூவர், விண்டோஸ் எழுதும் பதிவுகளைக் காட்டும் கருவி. விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். சிவப்புக் குறியோடு "கெர்னல் பவர், 41" என்று ஒன்று நிச்சயம் இருக்கும். பெயரில் பவர் இருப்பதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடாதீர்கள். ஆன் ஆகும்போது, "போன தடவை ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை" என்று விண்டோஸ் எழுதிக்கொள்ளும் குறிப்பு அது, அவ்வளவுதான். பதிவேட்டில் "இறந்தார்" என்று மட்டும் எழுதி, எதனால் என்ற இடத்தைக் காலியாக விட்டதுபோல. ஓடுகிற பிசியின் பிளக்கைப் பிடுங்கினாலும் இதே 41 வரும்.

பார்க்க வேண்டியது அதன் டீடெய்ல்ஸ் பகுதியில் இருக்கும் பக்செக்கோடு என்ற வரியை. அங்கே பூஜ்யம் இருந்தால், விண்டோஸுக்கு எதையும் குறிக்க நேரமே கிடைக்கவில்லை: கரண்ட் போயிருக்கலாம், அல்லது முழுசாக ஹேங் ஆகி நீங்களே பட்டனை அழுத்தி அணைத்திருக்கலாம். வேறு எண் இருந்தால் அது ப்ளூ ஸ்கிரீனின் எண், சாதாரண தசம எண்ணாகவே எழுதியிருக்கும். 292 என்றால் ஹார்டுவேரே தவறைச் சொல்லியிருக்கிறது. 278 என்றால் கிராபிக்ஸ் பக்கம். 26, 10 போன்றவை வந்தால், அதுவும் ஒவ்வொரு தடவையும் எண் மாறி மாறி வந்தால், நான் முதலில் ரேமைத்தான் பார்ப்பேன். மோசமான டிரைவர் பெரும்பாலும் ஒரே மாதிரி விழும். ரேம் கெட்டால் எந்த இடத்தில் விழும் என்று சொல்லவே முடியாது.

அதே பட்டியலில் "வீயா லாகர்" (WHEA-Logger, ஹார்டுவேர் தவறுகளைக் குறிப்பது) என்ற பெயரில் பதிவு இருக்கிறதா என்றும் தேடுங்கள். 18ஆம் எண் என்றால் பிராசசர் தரப்பில் சரிசெய்ய முடியாத தவறு. அதில் ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால், பிராசசருக்குள் இருக்கும் கோர்களில் ஒன்று மட்டும் தகராறு செய்கிறது என்று சந்தேகப்படலாம். 17ஆம் எண் கூட்டம் கூட்டமாக வந்தால் பிசிஐஇ இணைப்பை, அதாவது கிராபிக்ஸ் கார்டு போன்றவை மதர்போர்டில் மாட்டும் வழியைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தைப் பிசிஐஇ ஜென் 3க்கு இறக்கிப் பாருங்கள்.

[திரையில்: பயாஸ், எக்ஸ்போ பட்டன்]

சரி, ரேம். இங்கே கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் என்னிடம் வரும் புது பிசிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிகின்றன.

ரேம் டப்பாவில் 6000 என்று பெரிதாகப் போட்டிருக்கும். வாங்கி மாட்டியதும் அது 4800 மாதிரி ஒரு சாதாரண வேகத்தில்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்தால்தான் 6000 வரும். அப்படி ஆன் செய்வது ஓவர்கிளாக், அதாவது அதிகாரபூர்வ அளவைத் தாண்டி ஓட்டுவது, என்ற கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் இருப்பது பிராசசருக்குள்ளே. ரைசன் 7000 வரிசைப் பிராசசர்களுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம், இரண்டு ஸ்டிக் போட்டால் 5200. நான்கு ஸ்டிக் போட்டால் வெறும் 3600. டப்பாக்காரர் 6000க்கு உறுதி கொடுப்பது தன் ரேமுக்கு மட்டும்தான். உங்கள் கையில் வந்த பிராசசர் அதைத் தாங்குமா என்பது அவருக்குத் தெரியாது. பெரும்பாலும் தாங்கும். தாங்காதபோது வருவதுதான் இந்தத் திடீர் திடீர் விழுதல்.

அதனால் முதல் சோதனை இதுதான், பைசா செலவில்லை: எக்ஸ்போவை ஆஃப் செய்துவிட்டுச் சில நாள் வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். நின்றுவிட்டதா? எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்துவிட்டது. அப்புறம் பயாஸை அப்டேட் செய்து மறுபடி ஆன் செய்து பாருங்கள், புதிய பயாஸில் மெமரி பொருத்தம் நன்றாகவே மேம்பட்டிருக்கும். அப்படியும் விழுந்தால் 5600க்கு இறக்கி ஓட்டுங்கள். கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, பெஞ்ச்மார்க் எண்ணில்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஏஎம்5 போர்டில் (ரைசன் 7000 மாட்டும் வகை) ரேம் அமைப்பை மாற்றியபின் முதல் தடவை ஆன் செய்தால் சில நிமிடம் திரையில் ஒன்றுமே வராது. மெமரி டிரெய்னிங் நடக்கிறது, அதாவது போர்டு ரேமுக்கு ஏற்ற அமைப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது. போர்டு செத்துவிட்டது என்று பதறிப் பவர் பட்டனை அழுத்தாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

[திரையில்: நான்கு ரேம் ஸ்லாட், இரண்டாவதும் நான்காவதும் வண்ணமிட்டு]

இரண்டு ஸ்டிக் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் அதற்கு ஏ2, பி2 என்று பெயர். போன வருஷம் வாங்கிய ஒரு ஜோடியோடு இந்த வருஷம் வாங்கிய இன்னொரு ஜோடியைச் சேர்த்துப் போட்டிருந்தால், இரண்டும் ஒரே மாடலாக இருந்தாலும், ஒரு ஜோடியைக் கழற்றி வைத்துவிட்டு மற்ற சோதனையைத் தொடங்குங்கள்.

அடுத்து மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனைக் கருவி. பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து ராத்திரி ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். காலையில் சிவப்பாக ஒரே ஒரு வரி இருந்தாலும் தோல்விதான். "ஒன்றுதானே வந்திருக்கிறது" என்ற சமாதானம் இங்கே செல்லாது. எக்ஸ்போ ஆஃபில் இருக்கும்போதே தவறு வந்தால், ஒவ்வொரு ஸ்டிக்காக ஒரே ஸ்லாட்டில் வைத்து ஓட்டுங்கள். ஒரு ஸ்டிக் மட்டும் தவறினால் அந்த ஸ்டிக். எந்த ஸ்டிக்கை வைத்தாலும் அந்த ஸ்லாட்டில் மட்டும் தவறினால் ஸ்லாட், அல்லது பிராசசர் சாக்கெட்டில் வளைந்த ஒரு பின், அல்லது கூலரை ஒரு பக்கமாக இறுக்கி முறுக்கியது. கூலரைக் கழற்றிச் சீராக மாட்டியதும் காணாமல் போன ரேம் சேனல் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: கெட்ட ரேமை வைத்துக்கொண்டே விண்டோஸ் போட்டிருந்தால், டிஸ்க்கில் இறங்கிய ஃபைல்களே தவறாக இறங்கியிருக்கலாம். ரேமை மாற்றிய பிறகும் பிசி விழும், "புது ரேமும் சரியில்லை" என்று தோன்றும். ரேம் பிரச்சினை உறுதியானால் நான் விண்டோஸைப் புதிதாகவே போட்டுவிடுவேன்.

[திரையில்: கிராபிக்ஸ் கார்டுக்கு வரும் கேபிள்கள்]

இப்போது கறுப்பாகி அணைகிற வகை. கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு 8 பின் கேபிள் தர வேண்டியது 150 வாட், ஸ்லாட் வழியே 75 வாட். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு தலையையும் மாட்டாதீர்கள், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனி கேபிள் இழுங்கள். பெரிய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, தங்கள் வழக்கமான அளவைப்போல இரண்டு மடங்கு வரைகூட இழுக்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி, பெரிய எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் புது பிசிக்கு மாற்றியவர்கள், கேமில் ஏதாவது வெடிக்கும் காட்சியில் அணைகிறது என்றால், இங்கே பாருங்கள். மாடுலர் கேபிளை (கழற்றி மாட்டும் வகை) மட்டும் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்து இன்னொன்றில் மாட்டவே கூடாது. பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பார்ட் எரியும்.

நம் ஊரில் இன்னொரு ஆள் இருக்கிறார்: யூபிஎஸ். வீட்டில் பொதுவாக இருப்பது 600 விஏ. அது தாங்குவது ஏறக்குறைய 360 வாட்தான். பழைய ஆபீஸ் பிசிக்கு வாங்கியதில் கேமிங் பிசியை மாட்டியிருப்பீர்கள். கரண்ட் இருக்கும்போது ஓடும். ஒரு நொடி வோல்டேஜ் இறங்கி யூபிஎஸ் பேட்டரிக்கு மாறியதும் பிசி அணையும். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்ததால் கரண்ட் போனது உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஒரு வாரம் யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லாமல், எர்த் ஒழுங்காக உள்ள சுவர் சாக்கெட்டில் நேராக மாட்டிப் பாருங்கள்.

அப்புறம் யாரும் சந்தேகப்படாத ஒன்று, கேபினட்டின் ரீசெட் பட்டன். மேசையில் கை பட்டாலே ரீஸ்டார்ட் ஆகும் பிசி ஒன்று வந்தது. எஸ்எம்பிஎஸ், ரேம் இரண்டும் மாற்றிவிட்டுக் கொண்டுவந்தார்கள். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் ரீசெட் என்று எழுதிய இரண்டு பின் ஒயரை உருவியதும் நின்றது. பட்டன் உள்ளே சிக்கி, மேசை அசையும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தது. நீங்களும் உருவி வைத்துவிடுங்கள், அந்தப் பட்டன் இல்லாமல் யாரும் கஷ்டப்படப் போவதில்லை.

சூட்டைப் பற்றி நிறையக் கேட்கிறீர்கள். இன்றைய பிராசசர் சூடானால் வேகத்தைத்தான் முதலில் குறைக்கும், சட்டென்று அணையாது. ரைசன் 7000 முழு வேலையில் 95 டிகிரி வரை போவது வடிவமைப்பிலேயே உள்ளது. ஆன் செய்த ஒன்றிரண்டு நிமிடத்தில் அணைந்தால் மட்டும் கூலரின் அடியில் பிளாஸ்டிக் உறையை உரிக்காமல் மாட்டினோமா என்று பாருங்கள்.

வேலையே இல்லாமல் சும்மா இருக்கும்போது விழுகிறதா? யாரோ ஒருவர் வீடியோவைப் பார்த்து கர்வ் ஆப்டிமைசரில் (ரைசனின் வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் அமைப்பு) எல்லா கோருக்கும் மைனஸ் 30 போட்டீர்களா? குறைந்த வேலையில்தான் ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும், குறைத்த வோல்டேஜ் அங்கேதான் போதாமல் போகும். முழு சுமையில் மணிக்கணக்கில் ஓடி, டெஸ்க்டாப்பில் விழும். பூஜ்யத்துக்குத் திருப்புங்கள்.

[திரையில்: கேம் தொடங்கும்போது வரும் எச்சரிக்கைப் பெட்டி]

கேம் மட்டும் மூடிக்கொள்ளும் வகைக்கு வருவோம். கிராபிக்ஸ் டிரைவர் 2 நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்யும். டிடியூ என்ற கருவியால் டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஆனால் உங்களிடம் இருப்பது இன்டெல் 13ஆவது, 14ஆவது தலைமுறையின் பெரிய பிராசசர் என்றால், கேம் தொடங்கி ஷேடர் (காட்சியை வரையும் சின்ன புரோகிராம்கள்) தயாராகும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று வருகிறதா என்று கவனியுங்கள். கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்லத் தோன்றும். பல பேருக்குக் குற்றவாளி பிராசசர்தான். தேவைக்கு அதிகமான வோல்டேஜால் அந்தச் சில்லுகள் நாளடைவில் பலவீனமாகின்றன என்று 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. பழைய ஸ்டாக் போர்டு வாங்கியிருந்தால் அந்தத் திருத்தம் உங்கள் பயாஸில் இருக்காது. முதலில் அப்டேட் செய்யுங்கள். ஏற்கெனவே கெட்ட சில்லை அப்டேட் குணமாக்காது, அதை வாரண்டியில்தான் மாற்ற வேண்டும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பயாஸ் அப்டேட், புது டிரைவர், வேறு கேபிள் மூன்றையும் ஒரே ராத்திரியில் செய்துவிட்டு, "நின்றுவிட்டது" என்றால் எதனால் நின்றது?

வாரண்டிக்குக் கொடுக்கும்போது சர்வீஸ் சென்டரில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு "நல்லாத்தான் சார் ஓடுது" என்று திருப்பித் தருவது வழக்கம். எந்த வேலையில், ஆன் செய்து எவ்வளவு நேரத்தில் விழுகிறது, பக்செக்கோடு எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி பில்லோடு வையுங்கள். மெம்டெஸ்ட்டின் சிவப்பு வரியைப் போட்டோ எடுத்து வையுங்கள். ரேமை ஜோடியாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் ஜோடியாகத்தான் மாற்றித் தருவார்கள், அதனால் நல்ல ஸ்டிக்கையும் சேர்த்தே டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.