டிக்கெட் போட்ட தலைவர்: லுவோல் டெங்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது எங்கள் ஏரியா பாஸ்கெட்பால் கோர்ட். சிமெண்ட் தரை, வலை கிழிந்த வளையம். காலையில் பெய்த மழைத் தண்ணீர் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் இன்னும் தேங்கி நிற்கிறது. அதனால் இன்றைக்குப் பையன்கள் யாரும் வரவில்லை. மழை பெய்தால் எங்களுக்குப் பிராக்டிஸ் கிடையாது. அவ்வளவுதான் கணக்கு.

இந்தத் தண்ணீரைப் பார்த்ததும்தான் தெற்கு சூடானைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு அவர்களுடைய ஆண்கள் பாஸ்கெட்பால் அணி போனது. அந்தச் சமயத்தில் அந்த நாட்டில் ஒரு இன்டோர் கோர்ட் கூட இல்லை. எங்களைப் போல வெட்டவெளிதான். மழை வந்தால் ஆட்டம் நின்றுவிடும். அந்த நாட்டிலிருந்து ஒலிம்பிக்ஸுக்கு எப்படிப் போனார்கள்?

பதில் ஒரு மனிதர். லுவோல் டெங். என்பிஏ, அதாவது அமெரிக்காவின் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக், அதைப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பெயர். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2004இல் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டவர், சிகாகோ புல்ஸ் அணியில் வருடக்கணக்காக ஓடியவர், இரண்டு முறை நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கான ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர். நான் பேச வந்தது அவர் ஆட்டத்தைப் பற்றி அல்ல. ரிட்டயர் ஆன பிறகு அவர் செய்த குமாஸ்தா வேலையைப் பற்றி.

முதலில் கொஞ்சம் முன்கதை. டெங் பிறந்தது 1985இல், வாவ் என்ற ஊரில். அன்றைக்கு அது சூடான். வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். சின்ன வயதிலேயே குடும்பம் எகிப்துக்குத் தப்பி ஓடியது. அங்கேதான் மனூட் போல் இந்தக் கதைக்குள் வருகிறார். என்பிஏவில் ஆடியவர், ஞாபகம் இருக்கிறதா, 231 சென்டிமீட்டர் உயரம், ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பாரே, அவரேதான். டெங்கின் அண்ணன்மாருக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

மனூட் போலைப் பற்றித் தனி வீடியோவே போடலாம். என்பிஏவில் சம்பாதித்த பணத்தில் பெரும் பகுதியைத் தன் மக்களுக்காகவே கரைத்தார். கை காலியான பிறகும் விடவில்லை. 2002இல் டிவியில் ஒரு முன்னாள் அமெரிக்கன் ஃபுட்பால் வீரரோடு குத்துச்சண்டை போட்டார். ஐஸ் ஹாக்கி டீம் ஒன்றோடு ஒரு நாள் ஒப்பந்தம் கூடப் போட்டார். பார்ப்பவர்கள் சிரித்தார்கள். அவருக்கு என்ன, நிதி சேர்ந்தால் சரி. 2010இல், 47 வயதில் இறந்துபோனார். தெற்கு சூடான் தனி நாடானது 2011 ஜூலை 9. ஒரு வருட இடைவெளியில் அதைப் பார்க்காமலே போய்விட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, டெங்குக்கு வருவோம். எகிப்திலிருந்து லண்டன், அங்கிருந்து படிப்புக்கும் ஆட்டத்துக்குமாக அமெரிக்கா. அடைக்கலம் கொடுத்த பிரிட்டனின் ஜெர்சியைப் போட்டு 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஆடினார். சிலர் இதை வைத்து, 'இவருக்கு எது சொந்த நாடு' என்று கேட்பார்கள். அபத்தமான கேள்வி என்பேன். அப்போது தெற்கு சூடான் பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, ஒலிம்பிக் கமிட்டி கூடக் கிடையாது. அந்த நாட்டைச் சேர்ந்த குவோர் மாரியல் அதே ஒலிம்பிக்ஸில் மாரத்தான் ஓடினார், எந்த நாட்டுக் கொடியும் இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ். சூடானுக்காக ஓடச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டார். நிலைமை அப்படி.

2019இல் டெங் விளையாட்டிலிருந்து விலகினார். அதே வருடம் தெற்கு சூடான் பாஸ்கெட்பால் கூட்டமைப்பின் தலைவரானார். தலைவர் என்றதும் சால்வை, முதல் வரிசை நாற்காலி, ரிப்பன் கத்தரி என்று நினைக்காதீர்கள். விமான டிக்கெட், ஹோட்டல் ரூம், ஜிம் வாடகை எல்லாம் தன் கைக்காசில் கொடுத்தார். ஆரம்பத்தில் கோச்சாகவும் அவரே நின்றார். பிறகுதான் ராயல் ஐவி என்ற முன்னாள் என்பிஏ ஆட்டக்காரர் தலைமைக் கோச்சாக வந்தார்.

அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் ஒருவன், அமெரிக்காவில் ஒருவன், உகாண்டாவில் ஒருவன் என்று சிதறிக் கிடந்தார்கள். அவர்களை ஒரே இடத்தில் சேர்ப்பதே பாதி வேலை.

இங்கே ஒரு சின்ன நக்கல். டெங்கைக் கிண்டல் செய்பவர்கள் எப்போதும் எடுப்பது 2016இல் லேக்கர்ஸ் என்ற என்பிஏ அணி அவருக்குக் கொடுத்த 7 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம். தண்டச் சம்பளம் என்பார்கள். பாதியில் அவரை விடுவித்த பிறகும், அந்தப் பாக்கியை 2022 வரை தவணை தவணையாக லேக்கர்ஸ் கட்டிக்கொண்டிருந்தது. டெங் தெற்கு சூடான் அணிக்குச் செலவு செய்த முதல் வருடங்களும் அதே வருடங்கள்தான். எந்தக் காசு எந்த டிக்கெட்டுக்குப் போனது என்று யாருக்குத் தெரியும். ஆனால் தண்டச் சம்பளம் என்று இனிமேல் என் காதுபடச் சொல்லாதீர்கள்.

2023 உலகக் கோப்பையில் சீனாவைத் தோற்கடித்தார்கள். பிலிப்பைன்ஸை அதன் சொந்த மண்ணிலேயே தோற்கடித்தார்கள். அங்கோலாவையும் தட்டிவிட்டு, ஆப்பிரிக்க அணிகளிலேயே மேலே வந்து ஒலிம்பிக் சீட்டைப் பிடித்தார்கள்.

அப்புறம் அந்த லண்டன் ஆட்டம். 2024 ஜூலை 20, ஒலிம்பிக்ஸுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம், எதிரே அமெரிக்கா. லெப்ரான், கர்ரி என்று என்பிஏவின் பெரிய நட்சத்திரங்கள் எல்லாரும் இருந்த அணி. நாற்பது பாயிண்டில் அடிப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, பாதியில் தூங்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு கட்டத்தில் தெற்கு சூடான் 16 பாயிண்ட் முன்னிலை! தூக்கமாவது ஒன்றாவது. கடைசியில் லெப்ரான், 8 விநாடி மிச்சம் இருக்கும்போது வளையத்துக்குப் பக்கத்தில் போய் ஒரு லே-அப் போட்டு 101-100 என்று மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது அந்த ஆட்டம் அல்ல. அடுத்த வாரம், ஜூலை 28, பிரான்ஸின் லீல் நகரம், போர்ட்டோ ரிக்கோவோடு முதல் ஒலிம்பிக் ஆட்டம். வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். தேசிய கீதம் ஆரம்பிக்கிறது. இரண்டு வரி போவதற்குள் அவர்கள் முகம் மாறுகிறது. ஒலிப்பது சூடானின் கீதம். யாரிடமிருந்து பிரிவதற்காக இவர்களுடைய அப்பா அம்மாக்கள் செத்தார்களோ, ஊரை விட்டு ஓடினார்களோ, அந்த நாட்டின் கீதம். அரங்கத்தில் கூச்சல் எழுந்தது, பாட்டை நிறுத்தினார்கள். வீரர்கள் நகராமல் அப்படியே நின்றார்கள். மக்கள் கை தட்டினார்கள். பிறகு சரியான கீதம் ஒலித்தது. ஆட்டத்தில் 90-79 என்று ஜெயித்தார்கள். அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பாஸ்கெட்பால் வெற்றி அது.

அடுத்து அமெரிக்காவிடமும் செர்பியாவிடமும் தோற்று வெளியே வந்தார்கள், அது பரவாயில்லை. அந்த அணியில் கமான் மாலுவாச் என்று 17 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். உகாண்டாவில் வளர்ந்தவன். 2025 என்பிஏ டிராஃப்டில் பத்தாவது ஆளாக அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். பேட்டியில் பேச முடியாமல் தேம்பித் தேம்பி அழுதான். அந்த வீடியோ கிடைத்தால் பாருங்கள், ஒரு நிமிடம்தான் இருக்கும்.

சரி மக்களே, தூறல் மறுபடியும் ஆரம்பிக்கிறது, மைக் நனைகிறது. ஒரு துடைப்பம் எடுத்து வந்து இந்தத் தண்ணீரைத் தள்ளிவிடலாம் என்றுதான் வந்தேன், இப்போது அதுவும் முடியாது போலிருக்கிறது. அடுத்த வாரம் மனூட் போல் வீடியோ.