தெருவின் பக்கம் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, தண்டையார்பேட்டைப் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். 'பண்டிகைப் பலகாரம் நெஞ்சில் நிற்பது வீட்டு அடுப்பாலா, தெருவாலா?' என்பது இன்றைய தலைப்பு. தெருவால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூச்சுக்கு மூச்சு சமையலறை, சமையலறை என்றார். ஐயா, அப்படி ஓர் அறை எங்கள் வீட்டில் எங்கே இருந்தது? நான் வளர்ந்தது வாரியக் குடியிருப்பில். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியதற்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் நீண்டது, எங்கள் அடுப்படி நீளவில்லை. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். ஆகவே தீபாவளி நெருங்கினால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் எண்ணெய்ச் சட்டியும் பொது நடைபாதைக்கு வந்துவிடும். மாடி முழுக்க வெல்லப் பாகு மணக்கும்.

அந்தப் பாகுக்கு எதிர்வீட்டு ஆயாதான் நீதிபதி. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார். கரைந்தால், இன்னும் கொதிக்க வேண்டும். திரண்டு, விரலால் உருட்டும்போது மெத்தென்று உருண்டையாக வந்தால் சரி. அந்த உருண்டை தட்டில் 'டொக்' என்று விழுந்தால் போச்சு, அதிரசம் கல்லாகும். சரியான பதம் நிற்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் ஒருவர் ஈர மாவைக் கொட்ட வேண்டும், ஒருவர் விடாமல் கிளற வேண்டும், ஒருவர் சட்டி அசையாமல் துணியால் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை ஒற்றை ஆளாகச் செய்ய என் அம்மாவுக்கு ஆறு கை வேண்டும். இருந்தவை இரண்டு. மற்ற நான்கும் பக்கத்து வீடுகளிலிருந்து வந்தவை. கைப்பக்குவம், கைப்பக்குவம் என்கிறீர்களே, அது யாருடைய கை?

சரி, அது இடநெருக்கடி என்பீர்கள். ஆடிக் கூழுக்கு என்ன சொல்வீர்கள்? கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசியோடு அம்மன் கோயில் வாசலில் அண்டாவில் காய்ச்சுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, காசிமேட்டில் விசைப்படகுகள் மறுபடி ஓடத் தொடங்கிய அடுத்த மாதம் ஆடி பிறக்கிறது. ஒரு வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வரும், ஒரு வீட்டிலிருந்து முருங்கைக்கீரை வரும், சின்ன வெங்காயம் உரிக்கப் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைப்பார்கள். அதே கூழை வீட்டில் காய்ச்சினால் அதற்குப் பெயர் காலைச் சாப்பாடு. பண்டிகை என்று யாரும் சொல்வதில்லை!

நோன்புக் கஞ்சியும் அப்படித்தான். பள்ளிவாசல் கொப்பரையில் அரிசி, பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு என்று கொதித்த கஞ்சிக்கு மாலையில் தூக்குடன் வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் நோன்பு வைக்காத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. நானும் நின்றிருக்கிறேன். யாரும் பெயர் கேட்டதில்லை. மூடி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள், வழியில் சிந்திவிடக் கூடாதே என்று. பெரம்பூரில் ரயில்வேயை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்குக் குல்குல் செய்வார்கள். சிறு மாவுருண்டையை முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்ட வேண்டும். நூற்றுக்கணக்கில் சுருட்டும் வேலை அது. பிள்ளைகள் கூட்டம் இல்லாமல் குல்குல் இல்லை.

இனி, இந்த மேடையில் அதிகம் கைதட்டல் வாங்கிய வாதத்துக்கு வருகிறேன். தம் தாயார் பொங்கலன்று விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, தன்னந்தனியாக வடை, பாயசம், பொங்கல், ஏழுகறிக் குழம்பு என்று அத்தனையும் செய்து முடிப்பார் என்று எதிரணித் தலைவர் உருகினார். நானும் கைதட்டினேன். அந்த அம்மாவின் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எதிரணித் தலைவரின் அந்த நினைவு முழுவதும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் நினைவு. அடுப்புக்கு முன்னால் நின்றவருக்கு அதே நாள் எப்படி நினைவிருக்கிறது என்று யாராவது கேட்டோமா?

எங்கள் நடைபாதையில் முதல் ஈடு அதிரசம் சட்டியிலிருந்து வந்ததும், சாமிக்கு ஒன்று எடுத்து வைத்துவிட்டு, அடுத்ததைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டவர்கள் சுட்ட பெண்கள்தான். வீட்டு ஆண்கள் வேலை முடிந்து வரும் வரை யாரும் காத்திருக்கவில்லை. எண்ணெய்க் கையோடு, ஒருத்தி பேச்சை ஒருத்தி முடித்து வைத்து, மாமியார்களைப் பற்றிச் சொல்லக் கூடாததெல்லாம் சொல்லிச் சிரித்தபடி சாப்பிட்டார்கள். இன்றும் என் அம்மா அதிரசம் என்றால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்கிறார், வெல்லத்தின் இனிப்பை அல்ல.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. மூன்று மணிக்கு எழுந்த அந்த அம்மா, பொங்கலன்று எத்தனை மணிக்கு, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்? பதிலைக் கேட்டுவிட்டு நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும்.