நோய் வருவது பழக்கத்தாலா, பிழைப்பின் நிலைமையாலா? – "நிலைமையாலே" அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வயல் வேலையும் வீட்டு வேலையும் முடித்துவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மக்களின் உடல்நலத்தைப் பெரிதும் கெடுப்பது அவரவர் பழக்கமா, அவர்கள் வாழ்ந்து உழைக்கும் நிலைமையா என்பதே இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய நண்பர் நாலு குற்றச்சாட்டுகளை அடுக்கினார். எங்கள் சனம் தண்ணீர் குடிப்பதில்லை. கையுறை, முகமூடி இல்லாமல் வயலுக்கு மருந்து அடிக்கிறது. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போவதில்லை. கையில் காசு கண்டால் சாராயத்துக்குப் போகிறது. நான்கும் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் நடப்பவைதான், ஒன்றையும் நான் மறுக்க வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் "அலட்சியம்" என்று ஒரு சொல்லைப் போட்டாரே, அதை மறுக்கத்தான் எழுந்து நிற்கிறேன்.

தண்ணீரையே முதலில் எடுப்போம். போர் முடிந்த பிறகு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவு மாவட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அவை சம்பளம் கொடுக்கின்றன, அது பெரிய காரியம். ஆனால் அந்தப் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். விடிய முதல் எழும்பி, சமைத்து, பொதி கட்டி, இருட்டோடு வந்து நிற்கும் பஸ்ஸில் ஏறுகிறாள். வரிசையாக மெசின்கள் இருக்கும் தையல் லைனில் ஒருத்தி கொலர் தைத்தால் அடுத்தவள் கை பொருத்துவாள். ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் இத்தனை துணி முடிக்க வேண்டும் என்று ஒரு ரார்கெட் உண்டு. ஒருத்தி எழும்பிப் போனால் அவளுக்குப் பின்னால் இருப்பவளுக்கு வேலை வராது, அவளுக்கு முன்னால் துணி குவியும். மலசலகூடம் போய் வருவதை லைன் முழுக்கப் பார்க்கும். அவள் ஒரு வாரத்திலேயே கணக்கைப் படித்துவிடுகிறாள்: தண்ணீர் குடித்தால் எழும்ப வேண்டும், எழும்பினால் பேச்சு வாங்க வேண்டும். அதனால் குடிப்பதில்லை.

அதன்பிறகு உடம்புக்குள் நடப்பது இது. சலப்பையில், அதாவது சிறுநீர்ப்பையில், 300, 400 மில்லிலீற்றர் சலம் சேர்ந்ததும் போக வேண்டும் என்ற உணர்வு வரும். தண்ணீர் குறைந்தால் சலம் தடிக்கும், அடிக்கடி கழியாது. சாதாரணமாகச் சலத்தோடு கழுவுண்டு போகும் கிருமிகள் உள்ளேயே தங்கிப் பெருகும். முதலில் சலக்கடுப்பு. கவனிக்காமல் விட்டால் கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். அப்போது நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாப்பக்க நோவும் வரும். கர்ப்பிணியாக இருந்தால் குறைமாதப் பிரசவம் வரை கொண்டுபோகலாம். வைத்தியர் மருந்து எழுதுவார். இரண்டு நாளில் கடுப்பு நின்றுவிடும், மிச்சக் குளிசை பையில் கிடக்கும். திரும்பக் காட்டச் சொன்ன நாளில் லீவு எடுத்தால், தவறாமல் வேலைக்கு வருபவருக்குத் தரும் வரவுக் கொடுப்பனவு போய்விடும். அடுத்த மாதம் அதே கடுப்பு இன்னும் பிடிவாதமாகத் திரும்பி வரும். "தினமும் எட்டுக் கோப்பை தண்ணீர் குடியுங்கள்" என்ற சுவரொட்டியை அந்தப் பிள்ளை வாசிக்காமலா இருக்கிறாள்? லைனுக்கு ஒரு மாற்று ஆளை, எந்த மெசினிலும் உட்காரக்கூடிய ஒருத்தியை, நிறுத்திப் பாருங்கள். கேட்காமலே எழும்பிப் போகலாம் என்று ஒரு ஒழுங்கு வரட்டும். யாரும் புத்தி சொல்லாமலே போத்தல் வெறுமையாகும்.

வயலுக்கு வருவோம். சிறுபோகம், கச்சான் காற்று, உச்சி வெயில். மண்வெட்டி பிடிப்பவருக்கு ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் வரை வியர்வை போகும். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் ஒரு கோப்பை குடிக்க வேண்டும் என்பது தொழில் சுகாதாரத் துறையினர் சொல்லும் அளவு. அப்படியென்றால் ஆறு மணித்தியால வேலைக்கு நாலு, ஐந்து லீற்றர். அதை வீட்டிலிருந்து சைக்கிளில் கட்டிக் கொண்டுபோக வேண்டும். வரம்பில் வைத்தால் பத்து மணிக்கே சுடுதண்ணி. வேலையோ கொந்தராத்து. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், நிழலில் இருக்கும் ஒவ்வொரு பத்து நிமிடமும் சொந்தக் காசு.

இன்னொன்றும் இருக்கிறது. வவுனியா மாவட்டத்தில் எத்தனையோ கிணறுகளின் தண்ணீர் கல்லுத் தண்ணீர், கடினத்தன்மை கூடிய தண்ணீர், வாய்க்குப் பிடிக்காது. புளோரைட் கூடிய கிணறுகளும் உண்டு. உலக சுகாதார அமைப்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரை வளரும் வயதில் குடித்த பிள்ளைகளின் பல்லில் கபில நிறக் கறை தெரியும். கொதிக்க வைத்தால் சரியாகும் என்று பலர் நம்புகிறார்கள். கொதித்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறியும். காரணம் தெளிவாகப் பிடிபடாத சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்டது. வவுனியாவிலும் அது இருக்கிறது. தண்ணீரா, விவசாய இரசாயனமா, வெயிலில் உடம்பு வற்றுவதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள், அந்தப் பட்டியலில் இருக்கும் எதுவும் ஒரு மனிதன் தன் விருப்பத்துக்குத் தெரிவு செய்தது இல்லை. நிக்கரகுவாவில் கரும்பு வெட்டும் தொழிலாளருக்கும் இதைப் போன்ற நோய் இருக்கிறது. அங்கே நிழலும் தண்ணீரும் கட்டாய ஓய்வும் கூட்டியபோது, அறுவடைக் காலத்தில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களின் தொகை குறைந்தது. மனிதர் அதே மனிதர், வேலை ஒழுங்குதான் மாறியது.

மருந்து அடிப்பதைப் பற்றி நண்பர் மிகவும் கோபப்பட்டார். 16 லீற்றர் தாங்கி நிறைந்தால் முதுகில் 20 கிலோ வரை பாரம். அடிப்பவருக்குத் தாங்கிக் கணக்கில்தான் கூலி. காற்று அடங்கிய காலையிலும் பின்னேரத்திலும் மட்டும் அடித்தால் வழக்கமான தாங்கிகளில் பாதிதான் முடியும், அதனால் மத்தியானமும் அடிக்கிறார். றப்பர் கையுறைக்குள் வியர்வை தேங்கி வழுக்கும், முகமூடிக்குள் மூச்சு முட்டும். பீச்சுமுனை அடைத்தால் வாயை வைத்து ஊதுகிறார், மருந்து நேரே வாய்க்குள் போகிறது. ஏன் ஊதுகிறார்? கையில் மாற்று முனை இல்லை. தாங்கியோடு ஒரு மாற்று முனையும் ஒரு பழைய பல்துலக்கியும் கட்டி வைத்தால் யாரும் ஊதமாட்டார்கள். கூலியை நாள் கணக்காக்கினால் காற்றைப் பார்த்து அடிப்பார்கள்.

நச்சு மருந்தைப் பற்றிப் பேசும்போது இந்த நாடே சாட்சி சொல்லும் ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. அந்த ஆண்டில் மிகக் கொடிய வகைக் கிருமிநாசினிகள் சந்தையிலிருந்து நீக்கப்பட்டன, 1998இல் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தும் நீக்கப்பட்டது. பத்தாண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழப் பாதியாகியது. போரும் இடம்பெயர்வும் நடந்த காலம் அது, எங்கள் துயரம் பாதியாகவில்லை. மனத்திடம் போதித்து இத்தனை உயிரை யாராவது காத்தார்களா? கடை அலுமாரியில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்ற முடிவு காத்தது.

எலிக்காய்ச்சலும் இதே கதைதான். வயலில் இறங்குபவர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை அந்தக் காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை 200 மில்லிகிராம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதைக் கொடுக்கும் அலுவலகம் எட்டு மணிக்குத் திறக்கும், கமக்காரர் ஆறு மணிக்கே சேற்றுக்குள். வெறும் வயிற்றில் போட்டால் ஓங்காளிக்கும், அதோடு விட்டுவிடுவார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கே கொண்டுவந்து, ஆருக்குக் கூடாது என்று விசாரித்து, சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தால் போட்டுக்கொள்கிறார்கள்.

கிளினிக்கும் அப்படியே. பிரஷர், சீனி வருத்தக் குளிசை இலவசம், ஆனால் அதை எடுக்கப் போகும் நாள் இலவசம் இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பக்கத்து உட்கிராமத்திலிருந்து விடிய பஸ் பிடித்து, நம்பர் எடுத்துக் காத்திருந்து, மருந்தோடு வீடு வர மத்தியானம் தாண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் முப்பது நாள் குளிசையை நாற்பது நாளுக்கு இழுக்கிறார்கள். 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது செய்ய முடிந்ததை இப்போதும் செய்யலாம்.

சாராயத்தில் எதிரணிக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன், அடி வாங்குவது வீட்டிலிருக்கும் பெண்தான். ஆனால் நாள் முழுக்க மூட்டை தூக்கிய முதுகுக்கு நோவு வைத்தியம் எட்டாத இடத்தில், பின்னேரம் காசாகக் கூலி கொடுத்து, சந்தியில் சாராயக் கடையையும் திறந்து வைத்துவிட்டு, அவனுடைய மனவுறுதியை மட்டும் அளப்பது முழு நீதியாகாது.

நண்பர் தொடாத ஒன்று கிழமைக் கடன், பெண்கள் குழுவாக எடுத்து வாராவாரம் கட்டும் நுண்கடன். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களும் கூட்டத்திலிருந்து எழும்பிப் போக முடியாது. அந்த நாளுக்கு முதல் நாள் சட்டியில் முதலில் குறைவது மீனும் முட்டையும். அதிலும் முதலில் குறைவது தாயின் பங்கு. அவளுடைய இரத்தச்சோகையை மருத்துவமாது அட்டையில் பதிவார், கடனைப் பதிய அந்த அட்டையில் இடமில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்க அரசே முன்வந்தது. நிலைமைதான் காரணம் என்று ஒப்புக்கொண்டதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

"ஒரே ஊரில் ஒருவர் நலமாக இருக்கிறாரே, அது பழக்கத்தால்தானே" என்றும் கேட்டார். லண்டன் அரச ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. மைக்கல் மார்மொட் என்ற மருத்துவ ஆய்வாளர் அதன் முடிவுகளை எழுதினார். எல்லோருக்கும் கந்தோர் வேலை, நிரந்தரச் சம்பளம். ஆனாலும் கடைசிப் படியில் இருந்தவர்கள் மாரடைப்பால் இறந்தது, முதற்படியில் இருந்தவர்களைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். புகை, பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் அந்த வேறுபாட்டில் பாதிக்குக்கூட விளக்கம் கிடைக்கவில்லை. தன் வேலையைத் தான் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் குறைந்தவருக்கு இதயநோய் கூடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. எங்கள் லைனில் இருக்கும் பிள்ளைக்கு எழும்பும் அதிகாரம்கூட இல்லை.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் தன் அடுத்த சுற்றில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். மாற்று ஆள் இல்லாத லைனில், நிழல் இல்லாத வரம்பில், ஒரு நாள் கூலியைத் தின்னும் கிளினிக்கில், எந்த நல்ல பழக்கத்தை, எந்த மணிக்கு, ஆருடைய செலவில் எங்கள் சனம் கடைப்பிடிக்க வேண்டும்? நேரத்தையும் செலவையும் சேர்த்தே சொல்லட்டும். நன்றி, வணக்கம்.