பருவத்துக்கு ஒரு புள்ளி: நல்வரவுப் பலகை செய்வோம்

வணக்கம் நண்பர்களே. வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறேன். என் கையில் இருப்பது ஒரு பழைய அலமாரித் தட்டு. 100 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் கனம். நீங்கள் எடுப்பது எந்தப் பழைய பலகையாக இருந்தாலும் முழு மரமாக இருக்கட்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரம் பட்டதும் ஊதிவிடும், வாசலுக்கு ஆகாது.

இதைத்தான் இன்று வாசலில் சாய்த்து வைக்கும் நல்வரவுப் பலகையாக மாற்றப் போகிறேன். பருவம் மாறும்போது பலகையை மாற்ற வேண்டியதில்லை, அதில் இருக்கும் ஒரு சிறு துண்டை மாற்றினால் போதும். ஆங்கிலத்தில் இப்படிச் செய்கிறவர்கள் ‘வெல்கம்’ என்ற சொல்லில் வட்டமாக வரும் ‘ஓ’ எழுத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தில் பூவளையம் மாட்டுவார்கள். தமிழில் எந்த எழுத்தை விடுவது என்று நானும் வெகுநாள் தாளில் எழுதி எழுதிப் பார்த்தேன். எதை எடுத்தாலும் சொல் குலைந்தது. பிறகுதான் கண்ணில் பட்டது, ‘ல்’ தலையில் இருக்கும் புள்ளி! நல்வரவு என்பதில் 5 எழுத்து, ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி கோடையில் சூரியனாகட்டும், மழைக்காலத்தில் ஒரு துளியாகட்டும், இலையுதிர் காலத்தில் பழுத்த இலை, இளவேனிலில் பூ. எழுத்து எதுவும் குறையவில்லை. இதைக் கண்ட நாளில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பலகையைத் தேய்க்கும் வேலையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 80 எண் உப்புத்தாளில் தொடங்கி, 120, கடைசியில் 220. மர இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் கீறல் பெயிண்டுக்கு மேலும் தெரியும். முகக்கவசம் கட்டாயம். தூசியை ஈரத்துணியால் துடைத்து, நன்கு காய்ந்ததும் அடிப்பூச்சாக ஒரு கை ப்ரைமர், அதன்மேல் வெளுத்த நிறத்தில் அக்ரிலிக் பெயிண்ட் மெல்லியதாக இரண்டு கை. பின்பக்கத்தையும் விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் இரு பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் இழுக்காது, பலகை வளைந்துவிடும். மரக்கணு இருந்தால் முதலில் அதன்மேல் அரக்கு வார்னிஷ் தடவுங்கள், இல்லையென்றால் பிசின் கசிந்து பெயிண்டில் மஞ்சள் கறை விழும்.

இனி எழுத்து. மேலிருந்து கீழாக எழுதுகிறேன். ஒவ்வொரு எழுத்தும் 10 சென்டிமீட்டர் உயரம். ‘ந’வுக்கும் ‘ல்’லுக்கும் நடுவில் மட்டும் 13 சென்டிமீட்டர் இடைவெளி, புள்ளி உட்காரும் இடம் அதுதான். மற்ற மூன்று இடைவெளிகளும் 5 சென்டிமீட்டர். மேலும் கீழும் 11 சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டால் 100 சரியாக வரும். அகலத்தைத் தீர்மானிப்பது கடைசி எழுத்தான ‘வு’. முதலில் அதை வரைந்து பாருங்கள். அது அடங்கினால் மற்றவை தாமாக அடங்கும்.

கெட்டி அட்டையில் எழுத்துகளை வெட்டி ஸ்டென்சில் செய்துகொண்டேன். கொஞ்சம் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். என் முதல் பலகையில் அட்டையின் அடியில் நிறம் ஊறி, ‘ர’வின் கால் முழுக்கப் பிசிறடித்துவிட்டது. இரண்டு நாள் வேலை வீண். மனம் மிகவும் வருந்தினேன். இப்போது அட்டையைப் பசைநாடாவால் ஒட்டியதும், வெட்டு விளிம்பில் முதலில் பலகையின் அதே வெளுத்த நிறத்தைத் தொட்டு வைக்கிறேன். ஊறினால் அந்த நிறம்தான் ஊறும், அது கண்ணுக்குத் தெரியாது, இடுக்கும் அடைபட்டுவிடும். அது காய்ந்த பிறகு அடர்நீலம். ஸ்பாஞ்சில் தொட்டு, பழைய தாளில் ஒற்றி எடுத்து, ஏறக்குறைய உலர்ந்த ஸ்பாஞ்சால் செங்குத்தாக ஒற்ற வேண்டும். இழுக்கவே கூடாது. இதோ, அட்டையை எடுக்கிறேன்... விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது!

அடுத்தது துண்டு நிற்கும் வழி. துண்டிலும் காந்தம், பலகையிலும் காந்தம் என்று வைத்தால், துருவம் மாறி ஒட்டப்பட்ட ஒரு துண்டு போதும், அது எட்டிப் போகும். செலவும் துண்டுக்குத் துண்டு ஏறும். அதனால் பலகையில் மட்டும் நியோடிமியம் எனப்படும் வலுவான காந்தங்கள் இரண்டு, துண்டுகளின் முதுகில் சாதாரண இரும்பு வாஷர்கள். எத்தனை துண்டு செய்தாலும் காந்தம் இரண்டுதான். எவர்சில்வர் வாஷர் வாங்கிவிடாதீர்கள், அவற்றில் பலவற்றைக் காந்தம் இழுக்காது. காந்தத்தை வைத்துப் பார்த்தே எடுங்கள்.

என் காந்தம் 10 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் கனம். துளையிடும் அலகில் 2 மில்லிமீட்டருக்குப் பசைநாடா சுற்றி வைத்தால், எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும். 4 சென்டிமீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாக இரண்டு குழி. ஒரே காந்தம் என்றால் இலை காற்றில் சுழன்று தலைகீழாகத் தொங்கும். எபாக்சி பசை வைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மேலே பலகையின் நிறத்தையே பூசிவிடுங்கள். இதில் கவனமாக இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்: சிறு குழந்தைகள் இப்படிப்பட்ட காந்தங்களை ஒன்றுக்கு மேல் விழுங்கினால், அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துச் சுவரைத் துளைத்துவிடும். குழி ஆழமாக, பசை உறுதியாக இருக்கட்டும். மீதிக் காந்தங்களைப் பூட்டி வையுங்கள்.

காந்தங்களுக்கு நடுவே நீலத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துவிடுகிறேன். துண்டு இல்லாத நாளில் பலகை ‘நலவரவு’ என்று நிற்கக் கூடாது அல்லவா?

துண்டுகளுக்கு 4 மில்லிமீட்டர் பிளைவுட், ஒவ்வொன்றும் 9 சென்டிமீட்டருக்குள். மெல்லிய பல் உள்ள ரம்பத்தால் அறுத்தேன். சூரியனுக்குக் கதிர்களை நீளமாக வைக்காதீர்கள், நுனி முறியும். மிக எளிது துளி. இலைக்கு நடுநரம்பு மட்டும் போட்டிருக்கிறேன், கூடுதல் கோடுகள் தூரத்தில் அழுக்குபோல் தெரிகின்றன.

கடைசியாக, வெளிப்புறத்துக்கான வார்னிஷ் இரண்டு கை. பலகையின் மேல் முனைக்கும் அடி முனைக்கும் மூன்று கை, ஏனென்றால் மரம் அதிகம் தண்ணீர் குடிப்பது வெட்டுமுனை வழியாகத்தான்.

வெளியே இப்போது தூறல் தொடங்கிவிட்டது. சூரியனை எடுக்கிறேன். இதோ துளி... கேட்டீர்களா, அந்த ‘டக்’?