தடுத்து வைத்த இணைப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் அலுவலகத்தில், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டிகள் இரண்டு. அவற்றை ஒரே ஒரு கேபிள் இணைக்கிறது. அது பழுதானால் பாதி அலுவலகம் முடங்குமே என்று, பொறுப்பான ஒருவர் இன்னொரு கேபிளையும் செருகி வைக்கிறார். எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தச் சுவிட்சுகளில் அதற்கான ஏற்பாடு இல்லையென்றால், கொஞ்ச நேரத்தில் நெட்வொர்க் மொத்தமும் நின்றுவிடும். சுவிட்ச் விளக்குகள் எல்லாம் விடாமல் படபடக்கும். ஒருவர் கணினியிலும் எதுவும் திறக்காது.

ஏன் இப்படி ஆகிறது? 'இந்த ஐபி முகவரி யாருடையது?' என்று ஒரு கணினி எல்லோரையும் பார்த்துக் கேட்கிறது. இதுதான் பிராட்காஸ்ட். சுவிட்ச் அதை, வந்த போர்ட்டை (கேபிள் செருகும் துளை) தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்பும். எதிர் சுவிட்சுக்கு இரண்டு கேபிளிலும் ஒவ்வொரு பிரதி போய்ச் சேரும். முதல் கேபிளில் வந்ததை அது இரண்டாவதில் திருப்பி அனுப்பும், இரண்டாவதில் வந்ததை முதலாவதில். இந்தச் சுற்றுக்கு முடிவே இல்லை. நெட்வொர்க்குகளிடையே போகும் தரவுப் பொட்டலமான ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்று ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் பாக்கெட் மடிந்துவிடும். ஆனால் சுவிட்சுகளுக்கிடையே தரவைச் சுமக்கும் ஈத்தர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் எதுவும் கிடையாது. அடுத்தடுத்து வரும் பிராட்காஸ்ட்டுகளும் அதே சுழலில் சேர, ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் கணினிகளும் அதே கேள்வியைத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கும்.

லூப் என்ற இந்த முடிவில்லாச் சுற்று வேண்டாம், ஆனால் மாற்றுவழி வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரத் தந்தவர் ரேடியா பெர்ல்மன். 1985-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றியபோது ஸ்பேனிங் ட்ரீ முறையை உருவாக்கினார். 1990-ல் அது 802.1டி என்ற தரநிலையாக வெளிவந்தது. எத்தனை கேபிள் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, லூப் உண்டாக்கும் போர்ட்டை மட்டும் அடைத்துவிடும். அடைத்த போர்ட் தரவைக் கடத்தாது. ஆனால் 2 நொடிக்கு ஒருமுறை வரும் பிபிடியு என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேர்த்தியான யோசனை!

இந்தப் பேச்சில் முதலில் ரூட் என்ற தலைமைச் சுவிட்ச் தேர்வாகும். இங்கேதான் பலர் கவனம் தவறுகிறார்கள். முன்னுரிமை எண் யாருக்குக் குறைவோ அவரே ரூட். நாம் மாற்றாவிட்டால் எல்லாச் சுவிட்சிலும் அது 32768 என்றே இருக்கும். சமநிலை வந்தால், தயாரிப்பின்போதே ஒவ்வொரு பெட்டிக்கும் தரப்படும் மேக் முகவரி என்ற எண் சிறியதாக உள்ளது ஜெயிக்கும். ஒரே நிறுவனத் தயாரிப்புகளில் சிறிய மேக் முகவரி பெரும்பாலும் பழைய பெட்டிக்குத்தான் இருக்கும். ஏதோ ஒரு மூலை அலமாரியில் கிடக்கும் பழைய சுவிட்ச் முழு நெட்வொர்க்குக்கும் தலைமை ஏற்றுவிடும். போக்குவரத்தெல்லாம் அதை நோக்கி வளையும். ஆகவே நடுவிலுள்ள வலுவான சுவிட்சுக்கு 4096 என்றும், அதற்கு அடுத்ததற்கு 8192 என்றும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

வழி தேர்வாவதற்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு இணைப்புக்கும் அதன் வேகத்தைப் பொறுத்து 'செலவு' என்ற எண் உண்டு, மொத்தச் செலவு குறைந்த வழியே தேர்வாகும். பழைய அட்டவணைப்படி 100 மெகாபிட் இணைப்பின் செலவு 19, ஒரு கிகாபிட்டுக்கு 4. அதனால் ரூட்டுக்கு நேராகப் போகும் 100 மெகாபிட் கேபிளை விட்டுவிட்டு, இரண்டு கிகாபிட் இணைப்புகள் வழியே 8 என்ற செலவில் சுற்றிப் போவதையே சுவிட்ச் விரும்பும்.

பழைய முறையின் குறை அதன் நிதானம். ரூட்டின் செய்தி வராமல் போனால் 20 நொடி பொறுத்து, பிறகு 15, 15 என இரண்டு கட்டங்களைக் கடந்து, 50 நொடி வரை எடுத்துக்கொள்ளும். தொலைபேசி அழைப்பே அறுந்துவிடும். 2001-ல் வந்த ரேபிட் ஸ்பேனிங் ட்ரீ, கேபிள் அறுந்தால் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் மாற்றுவழியைத் திறந்துவிடும். இன்னும் பழையதையே ஓட்டிக்கொண்டிருக்க எந்தக் காரணமும் இல்லை என்பது என் திடமான கருத்து.

இதற்கும் எல்லை உண்டு. நெட்வொர்க்கின் எந்த இரு முனைகளுக்கு இடையிலும் 7 சுவிட்சுக்கு மேல் வராது என்று வைத்தே அந்த நேரக் கணக்குகள் போடப்பட்டன. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், அந்த எல்லை மீறி வளர்ந்திருந்த நெட்வொர்க் நாள்கணக்கில் முடங்கியது. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள்.

பயனர் பக்கத்துப் போர்ட்டுகளில், பிபிடியு செய்தி வந்தால் போர்ட்டை மூடும் 'பிபிடியு கார்டு' (guard, காவல்) என்ற அமைப்பைப் போடுங்கள். ஒரே கேபிளின் இரு நுனிகளையும் சுவரிலுள்ள இரண்டு சாக்கெட்டில் யாராவது செருகினால், அது அந்தப் போர்ட்டை உடனே மூடிவிடும்.

கடைசியாக, மாற்றுவழியைச் சோதித்துப் பாருங்கள். வேலை நேரம் முடிந்தபின் ஒரு கணினியில், இன்னொரு கணினிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை ஓடவிட்டு, முதன்மைக் கேபிளைக் கழற்றுங்கள். எந்தப் போர்ட் திறந்தது, எத்தனை பதில்கள் வராமல் போயின என்று குறித்துக்கொள்ளுங்கள். கேபிளை மீண்டும் செருகும்போதும் கவனம் தேவை. பழைய முறையில், முதன்மை வழி திரும்பும்போது இன்னொரு 30 நொடி எல்லாம் நிற்கும். முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டுச் செருகுங்கள்.

வணக்கம்.