கயிறும் சிற்பம்தான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, கோத்தகிரிக் குளிரிலும் எழுந்து போகாமல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பெண் சிற்பிக்கு அடையாளம் தருவது மரபா, மீறலா என்பது தலைப்பு. மரபுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, உளி பிடித்ததெல்லாம் ஆண்கள், பெண்ணைச் செதுக்கினார்களே தவிர அவளைச் செதுக்க விட்டார்களா என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். உளி விஷயத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் தம்பி, கோயில் கல்லோடு மரபு முடிந்துவிட்டதா?

நாம் நிற்கிற மலையையே பாருங்கள். சமவெளியில் குயவர் வீட்டில் சக்கரத்தில் உட்காருவது பெரும்பாலும் ஆண். மண் பிசைகிற வேலைதான் பெண்ணுக்கு. இங்கே நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களிடம் ஆண்கள் கொல்லு வேலைக்கும் தச்சுக்கும் போக, பானை வனைவது பெண்கள். இன்னொரு பழங்குடியான தோடர்களின் பெண்கள், புத்துக்குளி என்கிற போர்வையில் பூவேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், துணியில் ஒரு கோடுகூட வரைந்துகொள்ள மாட்டார்கள், வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாய் ஊசி போகும், கடைசியில் நூல் மேடு தட்டி விரலுக்குத் தட்டுப்படுகிற பின்பக்கம்தான் அவர்களுக்கு முன்பக்கம். 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. (அந்தப் பூவேலைத் துணியை வாங்கும்போது பேரம் பேசுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள், இருக்கட்டும்.)

இப்போது சிற்பி மிருணாளினி முகர்ஜிக்கு வருகிறேன். 1949-ல் மும்பையில் பிறந்தவர், அம்மா லீலாவும் சிற்பி. சிற்பம் என்றாலே கல், மரம், வெண்கலம் என்றிருந்த காலத்தில் இவர் சணல் கயிற்றை எடுத்தார். முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், சாயம் ஏற்றிய கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு, மடிப்பும் புடைப்புமாக, பெண்ணுடலா காட்டுச்செடியா என்று பிரித்துச் சொல்ல முடியாத பெரிய பெரிய உருவங்களை எழுப்பினார். இதெல்லாம் வெறும் கைவினை என்று ஒதுக்கப் பார்த்தவர்களும் உண்டு. அவர் 2015-ல் காலமானார். 2019-ல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகம் அவருக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி வைத்தது.

அதுதான் மீறல் என்று எதிரணி குதிக்கும், தெரியும். கல்தான் உசத்தி என்ற நினைப்பை அவர் மீறினார், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் அந்த உருவங்களுக்கு என்ன பெயர் வைத்தார் என்றும் பாருங்கள். யட்சி, தேவி! மரபை உதறியவர் வைக்கிற பெயரா இது? தம்பி அடுத்த சுற்றில் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும், நான் உட்காருகிறேன்.