கி.பி. 250: ஒரு சான்றிதழும் ஒரு கொலையும்

நண்பர்களே, ரோமப் பேரரசை வைத்துத் துப்பறியும் கதை எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் 64-ஆம் ஆண்டுக்குத்தான் போகிறார்கள். ரோம் எரிகிறது, நீரோ கிறிஸ்தவர்கள் மேல் பழி போடுகிறான், கதாநாயகன் கல்லறைச் சுரங்கத்தில் ஒளிகிறான். அங்கேயே கதை உடைந்துவிடுகிறது. அந்தச் சுரங்கங்களைக் கிறிஸ்தவர்கள் தோண்டத் தொடங்கியதே இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான். அவை இறந்தவர்களைப் புதைத்த இடங்கள், ஒளிந்து வாழ்ந்த இடங்கள் அல்ல.

நான் உங்களை 250-க்கு அழைக்கிறேன். பேரரசர் டெசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டவர் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தின் வறண்ட மண்ணில் நாற்பதுக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் கிடைத்திருக்கின்றன. வாசகம் ஏறக்குறைய ஒன்றே: நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு, மது வார்த்து, படையலை உண்டேன், சான்றளியுங்கள். கீழே அதிகாரிகள் வேறு கையெழுத்தில் சாட்சி போடுவார்கள்.

இதில் துப்பறிவாளனுக்கு எத்தனை தடயம் பாருங்கள்! 212-இல் பேரரசர் கரகல்லா ரோமக் குடியுரிமையைப் பரவலாக்கிய பின், புதிய குடிமக்கள் அவருடைய குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள, ஊரெல்லாம் 'அவுரேலியஸ்' ஆகிவிட்டது. பெயரை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. ஆனால் டயோஜீனஸ் என்பவரின் சான்றிதழில் வயது 72, வலது புருவத்தில் தழும்பு என்று எழுதியிருக்கிறது. தழும்பு பொருந்தாத பிணம் ஒன்று கிடைத்தால் போதும், உங்கள் முதல் அத்தியாயம் தயார்.

ஆனால் சான்றிதழ் வைத்திருந்தவரெல்லாம் கிறிஸ்தவர் என்று எழுதிவிடாதீர்கள். 'கிறிஸ்தவர்' என்ற சொல்லே அவற்றில் இல்லை. முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண் ஒருத்திகூட அதை வாங்கியிருக்கிறாள்.

கொலைக்கான காரணத்துக்கு வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜ் போங்கள். வேறு தெய்வங்களுக்குப் பலியிடுவது கிறிஸ்தவர்களுக்குப் பாவம்; அதனால் அங்கே கிறிஸ்தவர்கள் சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியதை ஆயர் சிப்ரியன் எழுதியிருக்கிறார். 251-இல் டெசியஸ் போரில் இறந்தார். அதே ஆண்டு கார்த்தேஜ் ஆயர் மன்றம் கூடி, சான்றிதழை விலைக்கு வாங்கியவர்களைத் தனித்தனியே விசாரித்துச் சபையில் சேர்க்கலாம், உண்மையிலேயே பலியிட்டவர்களோ தவம் இருந்து மரணத் தறுவாயில்தான் மன்னிப்புப் பெறலாம் என்று முடிவு செய்தது.

நேற்று உயிரைக் காத்த சான்றிதழ் இன்று குற்றச்சாட்டாகிவிட்டது. இருவர் கையிலும் இருக்கும் வாசகம் 'பலியிட்டேன்' என்றுதான் சொல்லும். எவர் உண்மையில் பலிபீடத்தின் முன் நின்றார், எவர் காசு கொடுத்தார் என்பது கையெழுத்திட்ட சாட்சிக்குத்தான் தெரியும். அவனைக் கொல்லுங்கள். கதையை 251-இல் தொடங்குங்கள். 250-ஐ விசாரணையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள்.